இல்லாத தோசைக்கல்லை ஏலம் விட்டவர்

ஆந்திராவையும் தமிழ்நாட்டையும் சேர்த்துச் சல்லடை போட்டுத் தேடினாலும், ஏலம் விடத் தெரிந்த மனிதர் ஒரே ஒருவர்தான் கிடைப்பார். மற்றவர்களெல்லாம் சும்மா கத்துகிறார்கள். வாடிப்போன சுரைக்காய் ஒன்றை, வாங்கியவர் வீட்டில் ஒரு வாரம் சண்டை நடக்கிற விலைக்குத் தள்ளிவிட்டு, வாங்கியவரையே எழுந்து நின்று கைதட்ட வைத்தவர் அவர். நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பத்து நிமிடம் கழித்துத்தான் நானும் கைதட்டிக்கொண்டிருப்பது எனக்கே தெரிந்தது.

அவருடைய உண்மைப் பெயர் எனக்குத் தெரியாது. வாடகை ரசீதில் ஒரு கிறுக்கல் இருக்கும், அதை வைத்து யாரும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. எங்களுக்கு அவர் ‘ஒருதரம்’ அண்ணா. திருப்பதியில் ரேணிகுண்டா ரோட்டை ஒட்டிய சந்து ஒன்றில் நாங்கள் தங்கியிருந்த ஆண்கள் ஹாஸ்டலுக்கு அவர்தான் வார்டன், கணக்குப்பிள்ளை, பிளம்பர், போலீஸ் எல்லாம். நான் திருத்தணிக்காரன். ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டு போய், சாயங்காலம் தூங்கிக்கொண்டு வருகிற ஜென்மம்.

ஒருதரம் அண்ணா ஆள் குள்ளம். சட்டைப்பையில் எப்போதும் லவங்கம் வைத்திருப்பார். குரலுக்கு நல்லதாம். அந்தக் குரலுக்கு இன்னும் என்ன நல்லது வேண்டுமோ தெரியவில்லை. அவர் மாடியில் இருமினால் கீழே சந்தில் ஆட்டோக்காரர் வண்டியை ஓரம் கட்டுவார்.

ஞாயிற்றுக்கிழமையானால் சித்தூருக்கு முதல் பஸ் ஏறிவிடுவார். அங்கே பழைய கிறிஸ்தவ மிஷன் சபையில் தலைமுறை தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது. வருஷா வருஷம் அறுப்பின் பண்டிகையன்று சபையார் கோவிலுக்குக் கொண்டுவந்து படைக்கிற காய்கறி, கோழி, முட்டை, வாழைத்தார் எல்லாவற்றையும் ஏலம் விடுவது அவர் வேலை. வருஷத்தில் ஒரு நாள் வேலை. மீதி நாளெல்லாம் வாய் அரிக்காதா? எங்களை வைத்துச் சொறிந்துகொண்டார்.

ஹாஸ்டலில் எவனாவது காலி செய்தால் அன்றைக்குச் சாயங்காலமே அவன் கட்டில் ஏலத்துக்கு வந்துவிடும். இதில் பணம் கிடையாது. செய்கிற வேலையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

“ஜன்னலோரக் கட்டிலு! காத்து ஃப்ரீ! ஏழுமலை தரிசனம் ஃப்ரீ! யாருபா கேக்கறது?”

“வாரத்துக்கு ஒரு தபா பாத்ரூம் கழுவறேன்ணா” என்றான் ஒருவன்.

“பாத்ரூம் ஒரு தரம்!”

“பாத்ரூமும் தண்ணி டாங்கும்” என்றேன் நான். எனக்குக் காற்று முக்கியம்.

“டாங்கு ஒரு தரம்… டாங்கு ரெண்டு தரம்… பாத்துக்கோங்கபா, காத்து போவுது, மலை போவுது… மூணு தரம்! ஸ்தோத்திரம்!”

ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் மூக்கில் இடித்தது. மறுவாரம் டாங்குக்குள் நின்று பாசியைச் சுரண்டிக்கொண்டே கேட்டேன்: “அண்ணா, மலை எங்கண்ணா?”

“செவுத்துக்குப் பின்னாடி கீது” என்றார். “விசுவாசம் வேணும்பா.”

ஒருமுறை அறுப்பின் பண்டிகைக்கு என்னையும் சித்தூருக்கு இழுத்துப் போனார். அந்தச் சபையில் ஒரு வழக்கம். ஏலத்தில் எடுத்தவர் விரும்பினால் எடுத்த பொருளைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அதை மறுபடி ஏலம் விடுவார்கள். அப்படி ஒரு வெடைக்கோழி அன்று நாலு கை மாறியது. கடைசியில் அதற்கே அலுத்துப்போய், அண்ணாவின் கக்கத்தில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது.

அப்புறம் வாழைத்தார் வந்தது. ஒரு பக்கம் நகைக்கடைக்காரர். இன்னொரு பக்கம், கசங்காத வெள்ளைச் சட்டை போட்ட ஒரு வாட்ச்மேன். நகைக்கடைக்காரர் ஒன்று சொன்னால் வாட்ச்மேன் ஒன்று கூட்டினார். ஒரு கட்டத்தில் அண்ணா வாட்ச்மேன் இருந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டார். வாட்ச்மேன் கத்தினார். சபை முழுக்கக் கேட்டது. வெளியே மரத்தடியில் பிரியாணி கிளறிக்கொண்டிருந்தவருக்கும் கேட்டது. அண்ணாவுக்கு மட்டும் கேட்கவில்லை. இடது காதைக் குடைந்துகொண்டே, “மூணு தரம்!” என்று நகைக்கடைக்காரர் கையில் தாரைத் திணித்துவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன்: “அண்ணா, அந்த ஆள் கத்தினது நெஜமாவே கேக்கலையா?”

“பொண்ணு கல்யாணம் முடிச்சி ஒரு மாசம் ஆவல அந்தாளு. ரோசத்துல கேக்கறான். தார அவன் தலையில கட்டிட்டா, வூட்ல இந்த மாசம் இன்னாத்த துன்னுவாங்க?”

“மூஞ்சியப் பாத்தே தெரிஞ்சிதா?”

“ஏலக்காரனுக்கு வாய் எதுக்குபா? மைக்கு வெச்சா எவன் வேணா கத்தலாம். மூஞ்சி படிக்கத் தெரியணும். எப்போ காது கேக்கக் கூடாதுன்னு தெரியணும்.” சொல்லிவிட்டு ஒரு லவங்கத்தை வாயில் போட்டுக்கொண்டு, பாகாலா வருவதற்குள் குறட்டை விட ஆரம்பித்தார்.

இந்த மனிதரிடம்தான் வந்து மாட்டினான் தினேஷ்.

தினேஷ் புத்தூர்க்காரன். அவனுடைய நைனாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, அங்கே மாவு மில். இவனுக்கோ மாவு வாசம் பட்டாலே தும்மல் பிடித்துக்கொள்ளும், கண் சிவந்து, மூக்கு வீங்கி, பார்க்கப் பரிதாபமாக இருக்கும். ஸ்ரீசிட்டியில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, எங்கள் ஹாஸ்டல் மூலையறையில் கம்ப்யூட்டர் போட்டு வீடியோ கேம் ஆடி, அதை நேரலையில் ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். நூறு பேர் ஒரு தீவில் பாராசூட்டில் குதித்து ஒருவரையொருவர் சுட்டுக்கொள்கிற ஆட்டம். கடைசியாக உயிரோடு நிற்பவன் ஜெயித்தவன். நைனா கெடு வைத்திருந்தார்: “பொங்கலுக்குள்ள இதுல சோறு துன்ற வழி தெரியலன்னா, மூட்டையக் கட்டிக்கினு வந்து மில்லுல குந்து.”

ஒரு மத்தியானம் மூலையறையிலிருந்து, “சுட்றா! பின்னாடி வர்றான், சுட்றா!” என்று அலறல். ஒருதரம் அண்ணா ஒட்டடைக் கோலோடு பாய்ந்து போனார். நாங்கள் பின்னால் ஓடினோம். உள்ளே தினேஷ் ஒருவன்தான் இருந்தான். திரையின் ஓரத்தில் ஒரு க்யூஆர் கோடு, கீழே போன் நம்பர். அப்போது ‘டிங்’ என்று ஒரு சத்தம். “ராஜேஷ் ப்ரோ இருபது ரூபா! ரொம்ப நன்றி ப்ரோ!” என்று தினேஷ் திரையைப் பார்த்துக் கும்பிட்டான்.

“ஏமிரா இது? யாரு ராஜேசு?”

“தெரியாதுண்ணா. நான் ஆட்றத பாக்கறவரு.”

“இன்னா பொருள் குடுத்த அவனுக்கு?”

“பொருள்லாம் இல்லண்ணா. புடிச்சிருந்தா குடுப்பாங்க.”

“பொருள் குடுக்காம கை நீட்டினா அதுக்குப் பேரு வேறபா” என்றார் அண்ணா.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் ஹாஸ்டல் இரண்டாகப் பிளந்தது. சினிமாவுக்கு டிக்கெட் எடுக்கவில்லையா, இதற்கும் கொடுத்தால் என்ன என்றது ஒரு கோஷ்டி. ஓசியில் கிடைப்பதற்கு எவனாவது காசு கொடுப்பானா, கொடுப்பவன் கிறுக்கன் என்றது இன்னொரு கோஷ்டி. அதற்கு நான் தலைவன். கடைக்காரர் கறிவேப்பிலையை இலவசமாகத் தரவில்லை என்றால் கடையையே மாற்றுகிற பரம்பரை என்னுடையது. ரசம் ஆறிப்போகிற வரை பேசினோம்.

மூலையில் உட்கார்ந்திருந்த தினேஷ் மெதுவாகக் கேட்டான்: “அண்ணா, உங்க சபையில அந்த வாடின சொரக்காய அவ்ளோ காசு குடுத்து எடுத்தாங்கன்னு சொன்னீங்களே. அது சொரக்காய்க்கா குடுத்தாங்க?”

ஒருதரம் அண்ணா கையில் எடுத்த அப்பளம் அப்படியே நின்றது. அதைத் தட்டிலேயே போட்டுவிட்டு எழுந்து போனார். இரண்டு நாள் மூலையறைப் பக்கமே வரவில்லை. லவங்கம் மட்டும் மளமளவென்று தீர்ந்தது. மூன்றாம் நாள் மூலையறைக் கதவைத் தட்டினார்.

“சரிடா. சொரக்காய்க்காக குடுக்கல, ஒத்துக்கறேன். ஆனா சொரக்காய்னு ஒண்ணு இருந்துச்சி இல்ல? குடுத்தவன் வூட்டுக்கு எத்தினு போறதுக்கு ஒண்ணு வேணும்பா. இல்லாட்டி அவனுக்கு மரியாத இல்ல. உன்கிட்ட இன்னா கீது, சொல்லு.”

தினேஷ் தலையைச் சொறிந்தான். “துப்பாக்கி கீது. ஜீப்பு கீது. தோசக்கல்லு கீதுண்ணா.”

“யுத்தத்துல தோசக்கல்லு எதுக்குடா?”

“அத்த வெச்சி அடிக்கலாம். முதுகுல மாட்டிக்கினா குண்டு துளைக்காது.”

அண்ணாவின் கண்ணில் அறுப்பின் பண்டிகை வந்துவிட்டது. நாற்காலியை இழுத்துப் போட்டு, மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். “அய்யாமாரே, அம்மாமாரே! இதோ பாருங்க தோசக்கல்லு! அசல் இரும்பு! இத எடுக்கறவங்க பேர சொல்லி, அடுத்த ஆட்டம் முழுக்க எங்க தினேசு துப்பாக்கியத் தொடாம இந்தக் கல்ல வெச்சிக்கினே சண்ட போடுவான்! செத்தாலும் உங்க பேர சொல்லிக்கினே சாவான்! யாருபா கேக்கறது?”

முதல் நாள் பதினைந்து ரூபாய்க்குப் போனது. தினேஷ் தோசைக்கல்லோடு தீவில் குதித்து, ஒரு நிமிடத்தில் செத்தான். பார்த்தவர்கள் புரண்டு புரண்டு சிரித்தார்கள். அடுத்த நாள் கூட்டம் இரட்டித்தது. ஒரே வாரத்தில் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து, “ஒருதரம் தாத்தா எங்கே?” என்று எழுத ஆரம்பித்தார்கள். தாத்தா என்றவனுக்கு அன்றைக்குத் தோசைக்கல் கிடைக்காது.

அவருக்கு ஒரே ஒரு குறைதான். “மூஞ்சி தெரியாம ஏலம் விட்றது, கண்ணக் கட்டிக்கினு சோறு போடற மாதிரி கீதுபா” என்று முணுமுணுப்பார்.

பொங்கலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தினேஷின் நைனா வந்து இறங்கினார். புருவத்தில்கூட மாவு. மகன் கட்டிலில் சட்டமாக உட்கார்ந்தார். தினேஷ் இரண்டு தும்மல் போட்டுவிட்டு ஆட்டத்தை ஆரம்பித்தான்.

“இது பிச்சதானே?” என்றார் நைனா, பொதுவாக, சுவரைப் பார்த்து.

அண்ணா மைக்கைத் தன் பக்கம் திருப்பினார். ஏலம் தொடங்கிவிட்டது. அண்ணா அன்று உயிரைக் கொடுத்துக் கத்தினார். இருபது, முப்பது, ஐம்பது என்று ஏறியது. நைனா முதலில் ஜன்னலைப் பார்த்தார். பிறகு அண்ணாவைப் பார்த்தார். பிறகு கட்டில் நுனிக்கு வந்தார். “அம்பது ரெண்டு தரம்!” என்று அண்ணா இழுத்தபோது, கட்டிலிலிருந்து ஒரு குரல்: “நூறு!”

எல்லோரும் திரும்பினோம். நைனா கையைத் தூக்கிக்கொண்டு நின்றார். ஏன் தூக்கினோம் என்று அவருக்கே புரியவில்லை. ஆனால் இறக்கவும் இல்லை.

“நூறு ஒரு தரம்!” என்றார் அண்ணா, கண்ணடித்து.

அந்த நேரம் பார்த்து ‘டிங்’. ‘ஆம்பூர் புலி’ என்ற பெயரில் ஒருவன் ஐயாயிரம் ரூபாய் கேட்டிருந்தான். கேட்டதோடு விடாமல், மூன்றாம் தரத்துக்குக் காத்திருக்காமல், காசையும் அனுப்பிவிட்டான். தினேஷின் முகம் பூவாக மலர்ந்தது. நைனா தூக்கிய கையை மெல்ல இறக்கினார். அந்த ஒரு தொகை போதும், பையன் பிழைத்துக்கொள்வான் என்று அவர் ஊருக்குப் போய்ச் சொல்ல.

“அந்தப் புலி படத்த பெரிசு பண்ணுடா” என்றார் ஒருதரம் அண்ணா.

பெயருக்குப் பக்கத்தில் பொட்டுபோல் இருந்த வட்டத்தைத் தினேஷ் பெரிதாக்கினான். கறுப்பு வெள்ளையில் ஒரு பையன். காலர் கழுத்தைவிடப் பெரிது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“கறுப்பு வெள்ளையா கீதே?”

“ஃபில்டருண்ணா. இப்போ அதான் ஸ்டைலு. நீங்க மூணு தரம் சொல்லுங்க!”

அண்ணா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, திரையில் மூக்கு படுகிற மாதிரி குனிந்தார். “இந்தப் பையன் காலையிலேந்து ஒண்ணும் துன்னல. சட்ட வேற யாருதோ. ரோசத்துல கேக்கறான்.” நிமிர்ந்து, இடது காதைக் குடைய ஆரம்பித்தார்.

“தம்பி, புலி! சோறு துன்னியாபா? அந்தக் காச வெச்சி மொதல்ல துன்னு. இந்தக் காதுல எனக்கு ஒண்ணும் கேக்கல… நூறு ரெண்டு தரம், நூறு மூணு தரம்! தோசக்கல்லு புத்தூரு அய்யாவுக்கு! டேய், அவன் காச அவனுக்கே திருப்பி அனுப்பு.”

“அண்ணா! என் பொழப்புண்ணா!” தினேஷுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் அனுப்பினான். அந்தக் குரலுக்கு முன்னால் வேறு என்ன செய்ய முடியும்?

நைனா எழுந்தார். “வந்த காச தொரத்தி வுட்ற எடத்துல என் புள்ள எப்பிடி பொழைப்பான்? எட்றா பொட்டிய.”

தினேஷ் நேரலையை நிறுத்திவிட்டு, ஒயர்களைச் சுருட்ட ஆரம்பித்தான். நாங்கள் ஆளுக்கொரு பக்கம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஹாஸ்டல் வழக்கப்படி அடுத்தது என்ன என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணாவுக்கும் தெரியும். வழக்கத்தை மீறியவர் இல்லை அவர். கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றார்.

“தினேசு கட்டிலு…”

கேட்க ஒருவனும் முன்வரவில்லை.

“சரி, நானே கேக்கறேன். டாங்கு, பாத்ரூம், மாடிப்படி எல்லாம் நானே கழுவறேன். ஒரு தரம்…” ஒரு லவங்கம் போட்டுக்கொண்டார். “ரெண்டு தரம்…”

மூன்றாம் தரம் வரவில்லை. தலையணையை எடுத்து, தட்டி, மறுபடி அதே இடத்தில் வைத்தார்.

தினேஷின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டான்.

“எவன்யா அவன், என் காச திருப்பி அனுப்பனவன்?” கரகரவென்று ஒரு முரட்டுக் குரல். “ஆம்பூர்ல ரெண்டு டயர் கட வெச்சிருக்கேன்யா! நான் இன்னா பிச்சக்காரனா?”

எல்லோரும் அண்ணாவைப் பார்த்தோம். மூஞ்சி படிப்பதில் மன்னன், முதல் தடவையாகக் கோட்டை விட்டிருந்தார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

“படத்துல பாத்தா துன்னாத புள்ள மாதிரி இருந்துச்சிபா…”

“அது நான் ஏழாவது படிக்கச் சொல்ல ஹாஸ்டல்ல எடுத்த போட்டோய்யா!”

அந்தப் பக்கம் டயருக்குக் காற்றடிக்கிற மோட்டாரை நிறுத்துகிற சத்தம் கேட்டது. மறுபடி பேசியபோது குரல் இறங்கியிருந்தது.

“அன்னிக்கி துன்னலதான். சட்டயும் ஃப்ரெண்டோடது. போட்டோக்காரரு சிரி சிரின்னு சொன்னாரு. துன்னியாடான்னு எவனும் கேக்கல. நீதான்யா மொத ஆளு.”

அண்ணா மூக்கை உறிஞ்சினார். “இப்போ துன்னியாபா?”

“பிரியாணி துன்னுக்கினேதான் பேசறேன்.”

“அப்போ கேக்கலாம் நீ. ஆனா கல்லு வித்துப்போச்சே. இந்த அய்யா எடுத்துட்டாரு.” நைனா பக்கம் திரும்பினார். “எங்க சபையில, எடுத்தவங்க மனசு வெச்சா திருப்பிக் குடுப்பாங்க. மறுபடி ஏலம் வுடுவோம். அது உங்க இஷ்டம்யா.”

நைனா மகனைப் பார்த்தார். சுருட்டிய ஒயரைப் பார்த்தார். இல்லாத தோசைக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி அண்ணாவிடம் நீட்டினார்.

“இந்தாபா. ஏலம் வுடு.”

சந்து அதிர்ந்தது. அந்த மூன்றாம் தரம் புத்தூர் வரை கேட்டிருக்கும்.

புறப்படும்போது நைனா மகனிடம் சொன்னார்: “மில்லுக்கு ஆளு வெச்சிக்கறேன். நீ இங்கயே இரு. இந்த ஆளு மூஞ்சி பாத்து சொல்லாம மட்டும் எவன்ட்டயும் ஒத்த ரூபா வாங்கிடாத.” தினேஷ் காலில் விழுந்தான். விழுந்த வேகத்தில் வேட்டி மாவு பறந்து, ஐந்தாறு தும்மல்.

மறுநாளே அண்ணாவுக்குப் பழைய திமிர் வந்துவிட்டது. “மூஞ்சிய நான் சரியாத்தான் படிச்சேன். வருசந்தான் தப்பிப்போச்சி” என்று சித்தூர் பஸ்ஸில் கண்டக்டர் வரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனார்.

எனக்குப் பிறகு ஸ்ரீபெரும்புதூருக்கு மாற்றலாகிவிட்டது. நான் ரேணிகுண்டா தாண்டுவதற்குள் என் ஜன்னலோரக் கட்டிலுக்கு மூணு தரம் சொல்லிவிட்டாராம் பாவி மனுஷன். அதற்கப்புறம் கல்யாணம் ஆனது, வீடு கட்டினேன், கடன் கழுத்து வரைக்கும் இருக்கிறது. கடன் வாங்கிய விஷயத்தை ஒருமுறை போனில் அவரிடம் புலம்பித் தொலைத்துவிட்டேன்.

இப்போதும் சனிக்கிழமை சாயங்காலம் தினேஷின் ஆட்டத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறேன். கொடுப்பவன் கிறுக்கன் என்று சொன்ன அதே ஆள், தோசைக்கல்லுக்கு நூறு ரூபாய் கேட்கிறேன், இருநூறு கேட்கிறேன். என் பெயர் திரையில் வந்ததும் ஒருதரம் அண்ணா இடது காதைக் குடைய ஆரம்பித்துவிடுகிறார். வாராவாரம் கேட்டுப் பார்க்கிறேன், இன்னும் ஒரு தரம்கூட அவருக்குக் கேட்டதில்லை.